பழைய ஃபிளாட் வாங்கப் போறீங்களா? 'சதுர அடி என்ன விலை?' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்!

நங்கநல்லூர், ஆதம்பாக்கம், குரோம்பேட்டை, வில்லிவாக்கம், கொளத்தூர்... சென்னையில் முதல் வீடு தேடும் நடுத்தரக் குடும்பம் கடைசியில் வந்து நிற்பது இந்த மாதிரி ஏரியாக்களில்தான். புது ஃபிளாட் என்றால் பட்ஜெட் தாண்டிவிடும். பட்ஜெட்டுக்குள் வேண்டும் என்றால் நகரத்தை விட்டே போக வேண்டும். நடுவில் இருப்பது 90-களில் கட்டிய, லிஃப்ட் இல்லாத, ஆறு அல்லது எட்டு வீடுகள் கொண்ட பழைய அபார்ட்மென்ட். இரண்டு பெட்ரூம், நடந்து போகும் தூரத்தில் ரயில்வே ஸ்டேஷன், பக்கத்திலேயே பள்ளிக்கூடம், மார்க்கெட். பார்த்ததும் பிடித்துவிடும். விலையும் 'பரவாயில்லையே' என்று தோன்றும்.

ஆனால் அந்த விலை நிஜமாகவே பரவாயில்லையா? அதை எப்படிக் கணக்குப் போடுவது? விரிவாகப் பார்க்கலாம்.

நீங்கள் வாங்குவது எதை?

பழைய ஃபிளாட் விளம்பரம் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். '700 சதுர அடி, 45 லட்சம்.' உடனே நாம் 45 லட்சத்தை 700-ஆல் வகுத்து, சதுர அடி 6,400 ரூபாய்ச் சொச்சம் என்கிறோம். பக்கத்துத் தெருப் புது ஃபிளாட்டோடு ஒப்பிட்டு, மலிவு என்று முடிவுகட்டி விடுகிறோம். இங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது.

ஃபிளாட் என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்தது. ஒன்று, கட்டடம். அதற்கு வயதாகும், மதிப்பு குறையும். இன்னொன்று, அந்தக் கட்டடம் நிற்கும் மனையில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு. பத்திர எழுத்தர், புரோக்கர், பேங்க் எல்லோரும் 'யூடிஎஸ்' என்று சொல்வது இதைத்தான். மதிப்பு ஏறுவது இந்தப் பங்குக்கு மட்டும்தான். புது ஃபிளாட்டில் கட்டடமும் புதுசு என்பதால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 28 வருடக் கட்டடத்தில் இதுதான் முழுக் கதையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஏரியா விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த 700 சதுர அடி ஃபிளாட்டின் யூடிஎஸ் 320 சதுர அடி. அந்தத் தெருவில் காலி மனை சதுர அடி 9,000 ரூபாய் என்றால், நிலத்தின் மதிப்பு 28 லட்சத்து 80 ஆயிரம். அதே கட்டடத்தை இன்றைக்குக் கட்ட சதுர அடிக்கு 2,300 ரூபாய் ஆகும் என்று வைத்தால் 16 லட்சத்து 10 ஆயிரம். ஆனால் 60 வருடம் தாங்கும் என்று எடுத்துக்கொண்ட கட்டடத்தில் 28 வருடம் போய்விட்டது. மிச்சம் 32 வருடத்துக்கான மதிப்பு சுமார் 8 லட்சத்து 60 ஆயிரம். இரண்டையும் கூட்டினால் 37 லட்சத்து 40 ஆயிரம்.

கேட்கும் விலை 45. கணக்கில் வருவது 37 சொச்சம். நடுவில் உள்ள ஏழரை லட்சம் எதற்கு? ஸ்டேஷன் பக்கம் என்பதற்கா, மர வேலைப்பாட்டுக்கா, இல்லை சும்மாவா? இதை விற்பவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பதில் நியாயமாக இருந்தால் கொடுக்கலாம். கணக்கே போடாமல் கொடுப்பதுதான் பிரச்னை.

இப்போது அதே தெருவில், அதே 700 சதுர அடி, அதே 45 லட்சம் என்று இன்னொரு ஃபிளாட். இதன் யூடிஎஸ் 240 தான். பார்வைக்கு இரண்டும் ஒரே வீடு. மதிப்பில் 7 லட்சத்து 20 ஆயிரம் வித்தியாசம். ஆக, போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'சதுர அடி என்ன விலை' இல்லை. 'யூடிஎஸ் எவ்வளவு?' என்பதுதான்.

இன்னொரு விஷயம். 700 என்பது பெரும்பாலும் படிக்கட்டு, நடைபாதை எல்லாவற்றையும் பங்கு போட்டுச் சேர்த்த கணக்கு. உள்ளே டேப் வைத்து அளந்தால் 550-க்குப் பக்கத்தில்கூட நிற்கலாம். டேப் எடுத்துக்கொண்டு போவதில் கூச்சமே வேண்டாம்.

பேங்க் என்ன சொல்லும்?

இந்தக் கணக்கை நீங்கள் போடாவிட்டாலும் பேங்க் போடும். கடன் கேட்டுப் போனால் அவர்கள் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்புவார்கள். விற்பவர் என்ன விலை சொன்னார் என்பது அவருக்கு முக்கியமில்லை. நிலம், கட்டடத்தின் வயது, பிளான் அப்ரூவல் இவற்றை வைத்து ஒரு தொகை எழுதுவார். பத்திர விலை, இந்த மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன் மீதுதான் பொதுவாகக் கடன் வரும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம் வரையும்தான் கொடுக்கலாம். நம் உதாரண ஃபிளாட்டை பேங்க் 38 லட்சம் என்று மதிப்பிட்டால், 80 சதவீதம் 30 லட்சத்து 40 ஆயிரம். மீதி 14 லட்சத்து 60 ஆயிரம் உங்கள் கையில் இருந்து போக வேண்டும்.

அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 45 லட்சத்துக்கு 4 லட்சத்து 5 ஆயிரம். (அரசின் வழிகாட்டி மதிப்பு இதைவிட அதிகம் என்றால் அதற்குத்தான் கட்ட வேண்டும்.) புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரில் கொண்டுவந்த குறைந்த முத்திரைத் தீர்வை மறுவிற்பனைக்குக் கிடையாது. 'அம்மா பேர்ல வாங்கினா 1 சதவீதம் கம்மி' என்று யாராவது சொல்வார்கள். 2025 ஏப்ரலில் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குத்தான். சென்னை ஃபிளாட்டுக்கு உதவாது.

கூட்டிப் பாருங்கள். 18 லட்சத்து 65 ஆயிரம். புரோக்கர் கமிஷன், வக்கீல் ஃபீஸ், வீட்டுக்குள் வேலை எல்லாம் சேர்த்தால் 20 லட்சத்தைத் தாண்டும். '45 லட்சத்துல 20 சதவீதம் 9 லட்சம், நம்மகிட்ட 12 இருக்கு, தாராளம்' என்று கிளம்பிய குடும்பம், அட்வான்ஸ் கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டால் என்ன ஆகும்? நகைக் கடன், பெர்சனல் லோன், மாமனார் வீடு. இல்லையென்றால் அட்வான்ஸ் போச்சு.

கட்டடத்தின் வயது கடன் காலத்தையும் வெட்டும். 20 வருடம் கேட்டால் 15 தான் தருவோம் என்று சொல்லலாம். 30 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி என்றால் 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். 15 வருடத்துக்கு 29,500. மாதம் 3,500 ரூபாய் அதிகம்.

சில விற்பனையாளர்கள் 'பத்திரத்துல 35 போட்டுக்கலாம், மீதியை கேஷா குடுத்துடுங்க' என்பார்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. சட்டத்தை விடுங்கள், பத்திர விலை குறைந்தால் உங்கள் கடனும் குறையும். லாபம் அவருக்கு மட்டும்தான்.

புதுப் பெயின்ட் வாசனை வந்தால் உஷார்

எங்கள் டெஸ்க்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஆறு மாதமாக வீடு தேடுகிறார். நங்கநல்லூர் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். முதல் மாடி. உள்ளே நுழைந்ததும் பெயின்ட் வாசனை. ஹால் முழுக்கப் பழைய பெயின்ட், பெட்ரூமில் ஒரு மூலையில் மட்டும் புதுசு. புரோக்கர் அந்த மூலைக்கு முன்னாலேயே நின்றுகொண்டு பேசினார்.

மூலையில் மட்டும் பெயின்ட் என்றால் அதற்குப் பின்னால் ஈரம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது நல்லது. பாத்ரூம் குழாய்க் கசிவாக இருக்கலாம், மேல் வீட்டு டாய்லெட் ஒழுகலாம். கீழ்த்தளம் என்றால் தரையில் இருந்து ஏறும் ஓதம். முடிந்தால் கீழ் வீட்டுக்காரரிடம் கேட்டு அவர் பாத்ரூம் சீலிங்கையும் பாருங்கள். உங்கள் வீட்டுக் கசிவு அங்கேதான் தெரியும்.

ஆனால் வீட்டுக்குள் பார்ப்பதைவிட வெளியில் பார்ப்பது முக்கியம். பார்க்கிங்கில் உள்ள தூண்கள், படிக்கட்டின் அடிப்பக்கம், சன்ஷேடின் அடிப்பக்கம், மொட்டை மாடித் தண்ணீர் டேங்கைத் தாங்கும் பகுதி. இந்த நான்கு இடங்களில் யாரும் பெயின்ட் அடித்து மறைக்க மாட்டார்கள். அங்கே கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறதா, துருவின் பழுப்புக் கறை கோடாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

கம்பி துருப்பிடித்தால் என்ன ஆகும்? துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் உள்ளிருந்தே கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். வெடிப்பு வழியாக ஈரம் இன்னும் உள்ளே போகும், துரு இன்னும் வேகமாக ஏறும். கடற்காற்றில் உப்பு இருக்கும் சென்னையில் இது சீக்கிரமே நடக்கும். உப்புத் தண்ணீர் கலந்து கட்டியிருந்தால் இன்னும் மோசம். சுவரில் மயிரிழை மாதிரி ஓடும் பூச்சு வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம். தூணிலோ பீமிலோ கம்பி போகும் திசையிலேயே நீளமாக ஓடும் வெடிப்பு, ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஓடி நாணயம் நுழையும் அளவுக்கு விரிந்த வெடிப்பு, இரண்டில் எது இருந்தாலும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வராமல் அட்வான்ஸ் தராதீர்கள். அவர் ஃபீஸ், நீங்கள் கட்டப்போகும் ஒரு மாதத் தவணையைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும்.

ஒயரிங், குழாய் இரண்டும் 90-களின் அளவுக்குப் போட்டவை. இரண்டு ஏசி, ஒரு வாட்டர் ஹீட்டர் போட்டால் தாங்குமா, எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மாற்றுகிற செலவை விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர்: குறைவும் பிரச்னை, நிறைவும் பிரச்னை

அன்றைக்குப் படியிறங்கும்போது கீழ் வீட்டு அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். நண்பர் சும்மா பேச்சுக் கொடுத்தார்.

"தண்ணியெல்லாம் எப்படிம்மா, நல்லா வருமா?"

"வரும் தம்பி. வெயில் காலத்துல லாரி வரும்."

புரோக்கர் ஒன்றும் பேசவில்லை.

மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, போர் தண்ணீர் உப்பா, கோடையில் மாதம் எத்தனை லாரி, அதற்குத் தலைக்கு எவ்வளவு? இதை மெயின்டனன்ஸ் கணக்கு நோட்டில் பாருங்கள். நோட்டே இல்லை என்றால் அசோசியேஷன் பெயருக்குத்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இந்த இரண்டின்போதும் இந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று விற்பவரிடம் கேட்காதீர்கள். இஸ்திரிக் கடைக்காரரிடம், மூலை மளிகைக் கடையில் கேளுங்கள். காம்பவுண்டுச் சுவரிலும் ஈபி பெட்டிக்குக் கீழேயும் பழைய தண்ணீர்க் கோடு தெரிகிறதா பாருங்கள். சம்ப்பின் வாய் தரை மட்டத்தில் இருந்தால், வெள்ளத்தின்போது சாக்கடை உள்ளே போயிருக்கும்.

பழைய ஏரியாக்களில் இன்னொரு தொல்லை உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, சாலை உயர்ந்து, வீடு பள்ளத்தில் போயிருக்கும். சுரண்டிவிட்டுத்தான் புதிதாகச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். ஆனால் அதற்கு முன்பே உயர்ந்த சாலை உயர்ந்ததுதான். கேட்டில் இருந்து உள்ளே போகும்போது இறங்குகிறீர்களா, ஏறுகிறீர்களா என்று கவனியுங்கள். கீழ்த்தள ஃபிளாட் கொஞ்சம் மலிவாக வருகிறதென்றால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

பத்திரத்தில் எங்கே சிக்கல் வரும்?

90-களில் பெரும்பாலும் யூடிஎஸ்-ஐ மட்டும்தான் பதிவு செய்தார்கள். கட்டடத்துக்கு பில்டரோடு தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம், அது பதிவாகியிருக்காது. ஆக முதல் பத்திரத்தில் 'ஃபிளாட்' என்ற சொல்லே இல்லாமல் இருக்கலாம். பயப்பட வேண்டாம், ஆனால் அந்த ஒப்பந்தத்தின் அசல், அங்கீகரிக்கப்பட்ட பிளான், சொத்து வரி ரசீது இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த வீடு இன்னது என்று காட்டும். ஒன்று குறைந்தாலும் பேங்க் கேட்கும்.

எட்டு வீட்டின் யூடிஎஸ்-ஐயும் கூட்டினால் மொத்த மனை வருகிறதா? ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில் எட்டு பேருக்கும் சேர்த்து 2,550 சதுர அடி விற்றிருந்தால் யாரோ ஒருவருக்கு நிலம் இல்லை என்று அர்த்தம். வில்லங்கச் சான்றை உங்கள் ஃபிளாட்டுக்கு மட்டும் போடாமல் முழு மனையின் சர்வே எண்ணுக்கும், குறைந்தது 30 வருடத்துக்குப் போட்டுப் பார்த்தால் இது தெரியும். பிளானில் ஆறு வீடு, நேரில் எட்டு வீடு என்றால் அந்த இரண்டு வீட்டில் ஒன்றை வாங்காதீர்கள். மொட்டை மாடியில் பின்னால் எழுப்பிய வீட்டுக்கும் இதுவே பதில்.

விற்பவர் முன்பு கடன் வாங்கி அடைத்திருந்தால், பத்திரங்களை பேங்க்கில் ஒப்படைத்த ஆவணம் வில்லங்கத்தில் நிற்கும். கடன் முடிந்ததற்கான ரசீது ஆவணமும் பதிவாகியிருக்க வேண்டும். 'பேங்க் லெட்டர் இருக்கு சார்' என்பது போதாது.

இந்த வயது ஃபிளாட்டுகளில் அடிக்கடி நடப்பது, வாங்கியவர் இறந்து போய் பிள்ளைகள் விற்பது. உயில் இல்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவர் என எல்லோருக்கும் பங்கு உண்டு. 'தங்கச்சிக்கு கல்யாணத்தப்பவே செஞ்சாச்சு' என்ற பேச்சு செல்லாது. தங்கை கையெழுத்துப் போட வேண்டும்.

பிள்ளைகளில் ஒருவர் அமெரிக்காவில் இருந்தால் இரண்டு வேலை கூடுதல். அங்கிருந்து வரும் பவர் பத்திரத்துக்கு இந்தியத் தூதரக அத்தாட்சியும், இங்கே வந்த பின் உரிய முத்திரைக் கட்டணமும் வேண்டும். அடுத்தது, விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் விலை 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் வரி பிடித்துக் கட்ட வேண்டியது வாங்கும் நீங்கள்தான். பிடிக்காமல் விட்டால் நோட்டீஸ் உங்களுக்கு வரும். ஆடிட்டரைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கார் பார்க்கிங்குக்குத் தனி விலை கேட்டால் யோசிக்கவும். தூண்களுக்கு நடுவில் உள்ள பார்க்கிங் பொது இடம், அதை பில்டர் தனியாக விற்க முடியாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் எங்கே நிறுத்துவது என்பது அந்தக் கட்டடத்துக்காரர்களின் புரிதல்தான். ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள், இடம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

'இடிச்சிட்டு புதுசா கட்டிடுவாங்க சார்'

புரோக்கர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம் இது. பொய் என்று சொல்ல முடியாது. 2022-ல் நிறைவேறிய தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். ஒரே ஒருவர் முரண்டு பிடித்து எல்லாரையும் நிறுத்திவைக்கும் நிலை முன்பு இருந்தது.

ஆனால் பில்டர் எப்போது வருவார்? இப்போது இருப்பதைவிட அதிகம் கட்ட முடிந்தால்தான். சாதாரணக் கட்டடங்களுக்கு முன்பு மனைப் பரப்பில் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்று இருந்ததை 2019 விதிகள் இரண்டு மடங்காக்கின. உங்கள் பழைய கட்டடமே விதியை மீறி இரண்டு மடங்கு கட்டியதாக இருந்தால் புதிதாகக் கிடைக்க ஒன்றும் இல்லை. தெரு குறுகல், மனை ஒரே கிரவுண்ட் என்றால் பில்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அப்படியே நடந்தாலும் கட்டி முடிக்கும் வரை வாடகை வீடு, தவணை இரண்டும் ஓடும். வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளலாம், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

அட்வான்ஸ் எப்போது கொடுக்கலாம்?

வீடு பிடித்துவிட்டது, ஆவணம் எல்லாம் வக்கீல் பார்த்துவிட்டார் என்றால், அட்வான்ஸுக்கு முன்னால் அதே ஆவணங்களின் நகலை பேங்க்கில் கொடுத்து, 'இந்தச் சொத்துக்கு எவ்வளவு தருவீங்க, எத்தனை வருஷத்துக்கு?' என்று கேளுங்கள். 'இன்னொருத்தர் ரெடியா இருக்காரு' என்ற அவசரத்தில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சிறிய தொகையாகக் கொடுத்து, விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: சொத்து ஆவணக் குறையாலோ மதிப்பீட்டாலோ கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும். இதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளர், தன் ஆவணத்தையே நம்பாதவர்.

எங்கள் நண்பர் அந்த நங்கநல்லூர் வீட்டை விட்டுவிட்டார். லாரித் தண்ணீருக்காக இல்லை. பேங்க் மதிப்பீடு விலையைவிட ஆறு லட்சம் குறைவாக வந்தது, விற்பவர் ஐம்பதாயிரத்துக்கு மேல் இறங்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையில் இன்னொன்று பார்க்கப் போகிறார். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. போனிலேயே யூடிஎஸ் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்.

"அதெல்லாம் பத்திரத்துல இருக்கும் சார், நீங்க முதல்ல வீட்டைப் பாருங்க" என்றாராம் புரோக்கர்.

பத்திரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் வருவேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். நேற்று ராத்திரி வரை வரவில்லை.